விளையாட்டே வினையானால்

"விளையாட்டு வினையாயிற்று" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். பெரியவர்கள் அதை எச்சரிக்கையாகவே சொல்வார்கள். ஆனால் வினை என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று துன்பம், மற்றொன்று தொழில். பிறர் விளையாடுவதற்கான விளையாட்டைச் செய்து கொடுப்பதையே நாள்தோறும் பிழைப்பாகக் கொண்டவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளையாட்டே வினை. அந்த வினை எந்தப் பொருளில் அமைகிறது, தொழிலாகவா, துன்பமாகவா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதக் காரணம் உண்டு. நான் புள்ளியியலில் முதுகலை பயிலும் மாணவன். வயது இருபத்து மூன்று. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்து மான்குர்த்தில் குடியேறிய பெற்றோரின் மகன். சென்ற சில மாதங்களாக நம் மன்றத்துத் தம்பிமார் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அண்ணே, கேம் செய்கிற வேலைக்குப் போகலாமா?" படிப்பு முடியும் தறுவாயில் இருக்கும் எனக்கும் அதே கேள்வி உண்டு. ஆகவே நூல்களில் படித்ததையும், அத்தொழிலில் இருக்கும் அண்டை வீட்டு அண்ணன் ஒருவரிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

கடலுக்கு அப்பாலும் கழிக்கு அப்பாலும்

கணிப்பொறி விளையாட்டு விளையாட்டுக் கூடத்தில் பிறக்கவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. 1958ஆம் ஆண்டு, அமெரிக்காவில் புரூக்ஹேவன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலார், பார்வையாளர்கள் சலிப்படையாதிருக்க ஒரு சிறு பொறியை அமைத்தார். அலைகாட்டியின் வட்டத் திரையில் ஒரு ஒளிப்புள்ளி பந்தாக ஓடும். இருவர் அதை டென்னிஸ் போல் அடித்து ஆடுவார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1956இல், நம் மான்குர்த்துக்கு அண்மையிலுள்ள டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. அணுவை ஆராயும் கூடத்திலிருந்து ஒரு விளையாட்டு பிறந்தது என்பதை எண்ணும்போது, அறிவியல் மாணவருக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு புதியதன்று என்பது விளங்கும்.

பிறகு 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர் தோழர்களும் 'ஸ்பேஸ்வார்' செய்தார்கள். 1972இல் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' கடைவீதிக்கு வந்தது. 1984இல் மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி நிலையத்தில் அலெக்சி பாஜிட்னோவ் 'டெட்ரிஸ்' செய்தார். மும்பையில் 1999இல் இந்தியாகேம்ஸ் தொடங்கப்பெற்றது. 2020இல் புனேயைச் சேர்ந்த ஒரு சிறு குழு 'ராஜி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. இந்தியப் புராணக் கதைச் சூழலில் அமைந்த அது வெளிநாட்டாரின் கவனத்தையும் ஈர்த்தது.

ஆயினும் நம் கண்ணெதிரே தினமும் காணும் சான்று வேறு. மான்குர்த்தில் வண்டி ஏறினால் அடுத்த நிலையம் வாஷி. நடுவே கழிமுகப் பாலம்; 1992 முதல் ஹார்பர் வண்டிகள் அதன்மேல் ஓடுகின்றன. பாலம் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில் பெட்டிக்குள் பார்வையைச் செலுத்துங்கள். நான்கு பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குனிந்திருப்பார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலக் காய்கள் நகரும். அது 'லூடோ கிங்'. விகாஷ் ஜெய்ஸ்வால் நிறுவிய கேம்ஷன் என்னும் நவி மும்பை நிறுவனம் 2016இல் அதை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட கோடிக்கணக்கானோர் அதை ஆடினார்கள். கழிக்கு அக்கரையில் செய்த பொருளை இக்கரையில் ஆடுகிறோம். அதைச் செய்தவர்களைப் பற்றி மட்டும் எண்ணுவதில்லை.

லூடோ என்ற பெயரில் இங்கிலாந்தில் 1896இல் காப்புரிமை பெற்றார்களே தவிர, அதன் வேர் நம் நாட்டுப் பச்சீசியில் இருக்கிறது. நம் பாட்டிமார் ஆடிய தாயமும் சொக்கட்டானும் அதே குடும்பம். ஆகவே பழைய பொருளே புதிய பாத்திரத்தில் வந்திருக்கிறது. பாத்திரம் மாறியதால் என்ன மாறிற்று? அதைக் கணக்கோடு காண்போம்.

தாயமும் நிரலும்

நம் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் பதினாறு வகையில் விழக்கூடும். அவற்றுள் ஒன்றும் வெறுமையுமாக விழுவது இரண்டு வகையே. எனவே தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. லூடோவில் காய் இறங்க ஆறு விழவேண்டும். அதன் வாய்ப்பு ஆறில் ஒன்று. அப்படியானால் லூடோவைக் காட்டிலும் தாயமே கடினம். ஆனால் தாயம் விழவில்லை என்று பாட்டி கட்டையைக் குறை கூறியதை நான் கேட்டதில்லை. தன் கையைத்தான் நொந்துகொள்வாள். கைப்பேசியில் ஆடுபவரோ ஆறு விழாவிட்டால் உடனே, "இது மோசடி, நிறுவனமே காயை அடைத்து வைக்கிறது" என்பார்.

இதற்குக் கணக்கு என்ன சொல்கிறது? முப்பது முறை உருட்டியும் ஒரு ஆறுகூட விழாமற்போகும் வாய்ப்பு, ஐந்தில் ஆறு பங்கு என்று தவறாக எண்ணாமல், ஆறில் ஐந்து என்னும் பின்னத்தை முப்பது முறை பெருக்கினால் கிடைக்கும். அது ஆயிரத்தில் நான்கு பங்கு அளவே. மிகச் சிறிய எண்தான். ஆனால் ஒரு கோடிப் பேர் முப்பது முறை உருட்டினால், அவர்களுள் ஏறத்தாழ 42,000 பேருக்கு அக்கதி நேரும். ஒருவரும் ஏமாற்றவில்லை, இருந்தும் 42,000 பேர் ஏமாற்றப்பட்டதாக நம்புவார்கள்.

கணிப்பொறிக்குக் கட்டை ஏது? அது எண்களைக் கணக்கிட்டே உண்டாக்குகிறது. 1949இல் லேமர் என்ற கணித அறிஞர் காட்டிய வழி இன்றும் அடிப்படைப் பாடம். ஒரு எண்ணை எடு, மற்றொன்றால் பெருக்கு, பெரிய எண் ஒன்றால் வகு, மீதியை வைத்துக்கொள். பின்னர் வந்தவர்கள் பெருக்கிய பின் ஒரு எண்ணைக் கூட்டவும் செய்தார்கள். சிறு எடுத்துக்காட்டு ஒன்று: ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, பதினாறால் வகுத்து மீதியை எடுப்போம். ஒன்றில் தொடங்கினால் 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4, 7, 6 என்று வந்து மீண்டும் 1 வரும். பார்ப்பவருக்கு ஒழுங்கற்றது போல் தோன்றும். செய்தவருக்கு அடுத்த எண் தெரியும். தொழிலில் பயன்படுத்தும் முறைகள் இதனினும் நுட்பமானவை. ஆனால் கருத்து இதுவே.

இங்கேதான் முதல் அறப் பொறுப்பு எழுகிறது. தாயக்கட்டை உருளுவதைக் கண்ணால் கண்டோம். நிரல் உருளுவதைக் காண முடியாது. ஆடுபவர் தம் நம்பிக்கையை முகம் தெரியாத ஒருவர் கையில் ஒப்படைக்கிறார். விளையாட்டு செய்வோர் அந்த நம்பிக்கைக்குக் காவலர்.

பதினாறு மில்லிவினாடி

விளையாட்டு நிரல் எவ்வாறு இயங்குகிறது? பெரும்பாலானவற்றின் நடுவே ஒரு சுழற்சி இருக்கிறது. ஆடுபவர் என்ன செய்தார் என்று பார், அதற்கேற்ப உலகத்தை மாற்று, படத்தை வரை, மறுபடி முதலிலிருந்து தொடங்கு. இது வினாடிக்கு அறுபது முறை நடக்கவேண்டும். அதாவது ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் காலம் வினாடியின் ஆயிரத்தில் பதினாறு பங்குக்குச் சற்று மேல். அதற்குள் பந்து எங்கே மோதும், எதிரி எங்கே திரும்புவான், ஒலி எப்போது எழும் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டு முடிக்கவேண்டும். ஒரு கணக்கு நீண்டால் படம் தடுமாறும், கைப்பேசி சூடேறும்.

இந்த நெருக்கடியிலிருந்து அழகு பிறந்ததும் உண்டு. 1978இல் ஜப்பானில் டொமொஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் அயலுலகப் படை வரிசை வரிசையாக இறங்கி வரும். அன்றைய பொறி மெதுவானது. அத்தனை உருவங்களையும் வரைய அதற்கு நேரம் பிடித்தது. சுடச் சுட உருவங்கள் குறைந்தன. வரையும் வேலையும் குறைந்தது. எஞ்சியவை விரைந்து ஓடின. பொறியின் குறை ஆட்டத்தின் விறுவிறுப்பாயிற்று. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். எதைத் திருத்தலாகாது என்று அறிவதும் தொழில் நுட்பமே.

இத்தொழிலில் நிரல் எழுதுவோர் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டா. ஓவியர், இசையமைப்பாளர், கதை எழுதுவோர், ஆட்டத்தின் விதிகளை வகுப்போர், ஒரே கட்டத்தை நூறு முறை ஆடிப் பிழை காண்போர் என்று பலர் கூடிச் செய்யும் கூட்டுப்பணி இது. திரைப்படம் எடுப்பதும் வீடு கட்டுவதும் போன்றதே.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

நான் குறிப்பிட்ட அண்ணன் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறார். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் கட்டிய வீடு. 225 சதுர அடி. அதற்குள் அவர், அவர் தாயார், மதினி, மூன்று வயதுப் பெண் குழந்தை. அவர் மேற்குப் பகுதியில் ஒரு நிறுவனத்தில் கைப்பேசி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுகிறார். காலையில் நெருக்கடியான ஹார்பர் வண்டியில் குர்லா சென்று மாறிப் போகவேண்டும். போகவர மூன்று மணி நேரம்.

அவர் வேலை விளையாடுவது என்றே எங்கள் கட்டடத்தில் பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஒரு வாரம் முழுவதும் ஒரே பொத்தானைப் பற்றிச் சிந்தித்ததாக ஒருமுறை சொன்னார். பழைய கைப்பேசி ஒன்றில் அந்தப் பொத்தான் அழுத்தினால் ஆட்டம் நின்றுவிடுகிறது. புதிய கைப்பேசிகளில் அப்படி ஆகவில்லை. "விலை உயர்ந்த பேசியில் எல்லாம் ஓடும், தம்பி. நம்ம கோவண்டிப் பையன் கையிலே இருக்கிற பேசியிலே ஓடணும். அதுதான் வேலை," என்றார். நம் நாட்டில் ஆடுவோரில் பலர் விலை குறைந்த கைப்பேசியும் அளவான இணைப்பும் உடையவர்கள். அவர்களுக்காகக் கணக்கைச் சுருக்குவதும், படத்தின் எடையைக் குறைப்பதும் வெளியில் தெரியாத உழைப்பு.

பொழுதுபோக்குக்கு அவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். சிரித்தார். பிறர் செய்த விளையாட்டை ஆடினால் மனம் ஓய்வதில்லையாம். 'இந்தக் கதவு ஏன் இவ்வளவு மெதுவாகத் திறக்கிறது? ஓ, பின்னால் அடுத்த இடத்தை ஏற்றுகிறார்கள் போலும்' என்று எண்ணம் ஓடுமாம். சமையற்காரர் விருந்துக்குப் போனால் உப்பைப் பார்ப்பது போலத்தான். ஆகவே அவருக்குப் பொழுதுபோக்கு, ஞாயிறு மாலை கட்டடத்தின் கீழே பையன்களோடு ஆடும் கேரம். அங்கே காயைச் செய்தவர் யாரென்று அவர் எண்ணுவதில்லை.

ஞாயிறு கிடைத்தால்தான் கேரம். ஆட்டம் வெளியாகும் மாதங்களில் ஞாயிறும் கிடைப்பதில்லை. அம்மாதங்களில் அவர் நள்ளிரவு தாண்டி வீடு வந்து, சமையல் மேடை மீது கணிப்பொறியை வைத்து இன்னும் இரண்டு மணி நேரம் வேலை பார்ப்பார். அவர் படுக்கும்போது அவருடைய தாயார் எழுந்திருப்பார். அம்மா இட்லி அவித்து விற்பவர். விடியுமுன் அடுப்பு மூட்டவேண்டும். ஒரே மேடையில் மகன் எழும்ப, தாய் அமர்வார். மதினி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "இவுக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் விளையாட வைக்காக. பெத்த பிள்ளைகூட விளையாட நேரமில்லை." குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அதற்கு அண்ணன் மறுமொழி சொல்லவில்லை.

ஐந்து வாரத்தில் ஒரு விளையாட்டு

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமா? இல்லை. இத்தொழில் தோன்றிய நாள் முதல் தொடர்ந்து வரும் கதை.

1982ஆம் ஆண்டு 'ஈ.டி.' என்னும் திரைப்படம் பெருவெற்றி பெற்றது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் அதன் பெயரில் ஒரு விளையாட்டை விற்றுவிட அட்டாரி நிறுவனம் விரும்பியது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற இளைஞருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரம். மற்ற விளையாட்டுகளுக்கு மாதக்கணக்கில் காலம் தருவார்கள். அவர் தம் வீட்டிலும் ஒரு பொறியை வைத்துக்கொண்டு இரவு பகலாக உழைத்து முடித்தார். ஆட்டம் வெளிவந்தது, மக்கள் வெறுத்தார்கள். விற்காத பெட்டிகளை 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014இல் தோண்டிப் பார்த்தபோது அவை மண்ணுக்குள் இருந்தன. வார்ஷா பின்னாளில் என்ன ஆனார் தெரியுமா? மனநல ஆலோசகரானார். கணிப்பொறித் தொழிலில் மனம் நொந்தவர்களுக்கு ஆறுதலும் வழியும் சொல்லும் பணியை மேற்கொண்டார்.

2004ஆம் ஆண்டு நவம்பரில் மற்றொரு நிகழ்ச்சி. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவருடைய துணைவி ஒருவர், தம் பெயரை மறைத்து ஒரு திறந்த மடல் எழுதினார். காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை, வாரம் ஏழு நாளும் வேலை. கூடுதல் ஊதியம் இல்லை. இதுதான் அம்மடலின் செய்தி. எழுதியவர் எரின் ஹாஃப்மன் என்பது பின்னர் வெளியாயிற்று. கூடுதல் நேர ஊதியம் குறித்து அந்நிறுவனத்தின்மீது நடந்த வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. ஓவியர்களுக்கும் நிரல் எழுதுவோருக்குமாக இரண்டு தவணைகளில் மூன்று கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். உழைத்தவர்கள் வாய் திறக்காத நிலையில், வீட்டில் காத்திருந்தவர் பேசினார் என்பதை நாம் கருதவேண்டும். எங்கள் மதினியும் அந்த மடலை எழுதியிருக்கக்கூடும்.

ஏன் இப்படி நேர்கிறது? காரணங்கள் எளியவை. வெளியீட்டு நாளை முதலில் குறித்துவிடுகிறார்கள். பணியின் அளவோ செய்யச் செய்யத்தான் தெரிகிறது. பாலம் கட்டுபவருக்கு எத்தனை தூண் என்பது தொடக்கத்திலேயே தெரியும். விளையாட்டு செய்வோருக்கு எது இன்பம் தரும் என்பது ஆடிப் பார்த்த பிறகே தெரியும். ஆறு மாதம் செய்ததை இன்பமில்லை என்று நீக்கவும் நேரிடும். நாள் மட்டும் நகராது. அந்த இடைவெளியை மனிதரின் தூக்கத்தால் நிரப்புகிறார்கள்.

மற்றொரு காரணமும் உண்டு. அது நம்மைப் போன்ற இளைஞர்களைப் பொறுத்தது. "உனக்குப் பிடித்த வேலைதானே? விளையாட்டுதானே?" என்று சொன்னால் நாம் கூலியைக் கேட்க வெட்கப்படுகிறோம். கொத்தனாரிடம், "சுவர் கட்டுவது உனக்குப் பிடிக்குமே, இரவும் கட்டு" என்று எவரும் சொல்வதில்லை. ஆர்வம் என்பது தொழிலாளி தன் வேலைக்குத் தரும் கொடை. அதை அவன் ஊதியத்திலிருந்து கழிப்பது நியாயமன்று.

பொழுதைப் போக்குதலும் பொழுதைப் பிடுங்குதலும்

இனி ஆடுபவர் பக்கம் வருவோம். பொழுதுபோக்கு என்பது நல்ல சொல். பாரமாக இருக்கும் பொழுதை இலேசாகப் போக்குவது. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, வண்டியிலும் நின்று வருகிறவருக்கு நாலு சுற்று லூடோ தவறன்று, தேவை. அதை வழங்குபவர் ஒரு நற்பணி செய்கிறார் என்றே சொல்வேன்.

ஆனால் பொழுதைப் போக்குவது வேறு, பிடுங்குவது வேறு. 1957இல் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியலார் இருவர் வெளியிட்ட பெருநூல் ஒன்று, புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளை விரிவாகக் கூறுகிறது. கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்தால், தீனி நின்றதும் புறா விரைவில் நிறுத்திவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி கொடுத்தால், ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். இந்த உண்மையை இன்று பல விளையாட்டுகள் பயன்படுத்துகின்றன. பெட்டியைத் திற, என்ன இருக்கும் என்று தெரியாது. இன்று வராவிட்டால் நேற்றைய வரிசை அறுந்துவிடும். இன்னும் பத்து நிமிடம் காத்திரு அல்லது பத்து ரூபாய் கொடு. 2018இல் பெல்ஜியம் நாடு இத்தகைய பணம் வாங்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டமென்றே அறிவித்தது. மட்டுமீறிய விளையாட்டு நாட்டத்தை நோய்ப் பட்டியலில் சேர்க்க 2019இல் உலக நல நிறுவனத்தின் பேரவை ஒப்புதல் தந்தது. 2022இல் அது நடைமுறைக்கு வந்தது.

பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களின் கொடுமையை நாம் அறிவோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது; 2023இல் அது ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்தது நன்றே. ஆனால் சட்டம் வரும் முன்னரும் ஒவ்வொரு பொறியையும் ஒரு நிரலர் உட்கார்ந்து எழுதினார் அல்லவா? அவருக்கும் தம்பி தங்கை இருந்திருப்பார்கள்.

அண்ணனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "எங்க ஆட்டத்திலே தினமும் வந்தால் பரிசு உண்டு. அதை எழுதினது நான்தான். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன் தூக்கத்தை விட்டுட்டு அந்தப் பரிசுக்காகத் திறக்கிறான்னு கணக்கு காட்டும். அந்த நேரத்திலே நானும் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

இந்த ஒரு பேச்சில் இக்கட்டுரையின் கருத்து முழுவதும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். செய்பவரின் இரவைத் தின்னும் நிறுவனம் ஆடுபவரின் இரவையும் தின்னும். இரண்டும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். பிறர் பொழுதை மதிக்கும் விளையாட்டு, தன் தொழிலாளரின் பொழுதை மதிக்கும் இடத்திலிருந்துதான் வர இயலும். தன் குழந்தையோடு ஆடாதவர் குழந்தைகள் எதை ஆட விரும்புவார்கள் என்பதை எவ்வாறு அறிவார்?

தனித்து இயங்கினால் இத்துன்பம் தீருமா? அதுவும் எளிதன்று. அமெரிக்காவில் எரிக் பரோன் என்பவர் 'ஸ்டார்டியூ வேலி' என்னும் பயிர்த்தொழில் விளையாட்டைத் தனி ஒருவராக நான்கரை ஆண்டு செய்து 2016இல் வெளியிட்டார். படம், இசை, நிரல், கதை எல்லாம் அவரே. பெரும்புகழ் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் குடும்பச் செலவைத் தாங்கியவர் பெரும்பாலும் அவருடைய துணைவிதான். புகழ் கிடைக்காமற்போன பலருடைய பெயர் நமக்குத் தெரியாது.

வெண்பா காட்டும் வழி

நம்மவர் செய்த ஒன்றைச் சொல்லி முடிவுக்கு வருகிறேன். கனடாவின் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் இருக்கிறது. பெயரே தமிழ். அது 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்னும் தம்பதியின் கதை அது. அவர்கள் மகன் கவின். வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. தாய் தந்த பழைய சமையற் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. இட்லித் தட்டை எந்த முறையில் அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் இடுவது என்று ஆடுபவர் கண்டுபிடிக்கவேண்டும். அடுப்பங்கரையே ஆடுகளம். வளர வளர மகன் தமிழைவிட்டு விலகுகிறான், தாய் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

அந்தச் சிறு விளையாட்டு 2024இல் தற்சார்பு விளையாட்டுகளுக்கான விழாவில் தலைமைப் பரிசைப் பெற்றது. அதே ஆண்டு பிரித்தானியக் கழகமான பாஃப்டா, சிறந்த முதற்படைப்பு என்று அதற்கு விருது அளித்தது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த தமிழ்க் குடும்பத்தின் கதை உலக மேடையில் நின்றது. மான்குர்த்திலும் சீத்தா கேம்ப்பிலும் தாராவியிலும் நம் வீடுகளில் நடப்பதும் அதுவே அன்றோ? அம்மா தமிழில் கேட்க, பிள்ளை இந்தியில் பதில் சொல்வதை நாம் நாள்தோறும் கேட்கிறோம்.

வெண்பாவில் நான் போற்றுவது மற்றொன்று. ஒன்றரை மணி நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. நாளை வா என்று அது அழைப்பதில்லை. பெட்டி திற என்று தூண்டுவதில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லி, ஆடியவரை அவர் வீட்டாரிடம் திருப்பி அனுப்புகிறது. பொழுதை மதித்தல் என்பது இதுதான்.

தம்பிமாருக்கு

எனவே, இவ்வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு என் விடை: போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு போகவேண்டும். கணிதம், இயற்பியல், புள்ளியியல் படித்தவருக்கு இங்கே மெய்யான வேலை இருக்கிறது. ஓவியம் வல்லாருக்கும் தமிழ் வல்லாருக்கும் இடம் இருக்கிறது. நேர்காணலில் அவர்கள் நம்மைக் கேள்வி கேட்பார்கள். நாமும் சில கேட்போம். சென்ற ஆட்டம் வெளியான மாதத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார்கள்? கூடுதல் நேரத்துக்கு ஊதியமோ விடுப்போ உண்டா? செய்தவர் பெயர் ஆட்டத்தில் இடம்பெறுமா? நிறுவனத்துக்குப் பணம் எவ்வழியில் வருகிறது: விலையிலா, விளம்பரத்திலா, ஆடுபவரின் பதற்றத்திலா? இவற்றுக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் நான் சேரமாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன். கேட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. நம் பெற்றோர் கேட்க வழியில்லாமல் உழைத்தார்கள். கேட்கும் அளவுக்கு நம்மைப் படிக்கவைத்ததும் அவர்களே.

மற்றொன்று. பிறர் தரும் வேலைக்குக் காத்திராமல் நாமே ஒன்றைத் தொடங்கலாம். 'கோடோ' என்னும் விளையாட்டு ஆக்கக் கருவி 2014 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்த நிலையில் இருக்கிறது. பழைய கணிப்பொறியே போதும். தாயம், பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம் இவற்றின் விதிகள் நம் தாய்மார் நினைவில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. அடுத்த விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் வீட்டு விதியைக் கேட்டு எழுதி வாருங்கள். நம் மன்றத்தில் நால்வர் கூடினால் ஒரு தாயத்தைச் செய்துவிடலாம். அதில் கட்டை எப்படி உருளுகிறது என்ற கணக்கையும் யாவரும் காணும்படி திறந்து வைப்போம். மாலை ஏழு மணிக்கு வேலையை நிறுத்துவோம் என்பதையும் முதல் விதியாக எழுதிக்கொள்வோம்.

விளையாட்டு வினையாகட்டும், துன்பம் என்னும் பொருளில் அன்று, நேர்மையான தொழில் என்னும் பொருளில்.